எட்டாவது பந்து விழுந்த பிறகு

கறுப்புப் பந்து மூலைப் பையின் வாயிலேயே நின்றிருந்தது. வெள்ளைப் பந்து அதற்கு நேர் பின்னால், ஒன்றரை அடி தூரத்தில். கண்ணை மூடிக்கொண்டு அடித்தாலும் விழும். அடித்தேன், விழுந்தது. 14 மாதமாக நான் துரத்திக்கொண்டிருந்த காரியம் அதோடு நடந்து முடிந்துவிட்டது. பிரேக் எனும் முதல் அடியை அடித்து, என் பங்கு ஏழு பந்துகளையும் எட்டாவதான கறுப்பையும், எதிரே ஆடுகிறவருக்கு ஒரு வாய்ப்புகூடக் கொடுக்காமல் ஒரே மூச்சில் போட்டுத் தீர்ப்பது என்பதுதான் அந்தக் காரியம்.

தியாகராய நகரில், பாண்டி பஜாரை ஒட்டிய ஒரு சந்தில், துணிக்கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருக்கிறது அந்த பூல் பார்லர். ஞாயிற்றுக்கிழமை பகல். நண்பர் கைகொடுத்தார். பல வருடமாக அங்கே மார்க்கராக இருப்பவர் முக்கோணச் சட்டத்தை எடுத்துக்கொண்டு மேசைக்கு வந்தார். "சார், பால் எல்லாம் உள்ள போச்சு. ஆனா வெள்ளை மூணு தடவை உங்க பேச்சைக் கேக்கல" என்றார். சொல்லிவிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் பந்துகளை அடுக்க ஆரம்பித்தார்.

படியிறங்கி வெளியே வந்தேன். நடைபாதையில் பண்டிகைக் கூட்டம். பைகளைச் சுமந்தபடி போகிற ஒவ்வொரு முகத்திலும் நினைத்தது கிடைத்த களை இருந்தது. எனக்குள் அப்படி எதுவும் இல்லை. வருத்தம் என்றும் சொல்ல முடியாது. பல் விழுந்த இடத்தை நாக்கு தேடிப் போகிற மாதிரி, 14 மாதமாக ஓர் ஆசை இருந்த இடத்தை மனசு தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. வீட்டில் இதைச் சொன்னபோது பெரியப்பா, "போதும் என்ற மனமே பொன் செய்யும் மருந்துடா" என்றார். அவர் சொன்னதில் அன்பு இருந்தது. ஆனால் அந்த மருந்து என் நோய்க்கானதாகத் தோன்றவில்லை. ஏன் என்று யோசித்ததும் படித்ததும்தான் இந்தக் கட்டுரை.

இந்த மேசை நம் ஊருக்கு அந்நியமானதல்ல. 1875இல் ஜபல்பூர் ராணுவ முகாமில் நெவில் சேம்பர்லேன் என்ற இளம் அதிகாரி பில்லியர்ட்ஸ் மேசையில் வண்ணப் பந்துகளைச் சேர்த்து ஆடிப் பார்த்ததில் பிறந்தது ஸ்னூக்கர். அதன் விதிகள் உருப்பெற்றது 1880களில் நம் உதகமண்டலம் கிளப்பில். 1958இல் கல்கத்தாவில் வில்சன் ஜோன்ஸ் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டத்தை வென்றார். தனிநபர் விளையாட்டு ஒன்றில் இந்தியருக்குக் கிடைத்த முதல் உலகப் பட்டம் அது. 2025 நவம்பரில் தோஹாவில் நடந்த உலகப் போட்டியில் சென்னையைச் சேர்ந்த அனுபமா ராமச்சந்திரன் மகளிர் ஸ்னூக்கர் பட்டத்தை வென்றார். 'மார்க்கர்' என்ற சொல்லும் பழைய கிளப்புகளிலிருந்து வந்ததுதான். துரைமார்களின் ஆட்டத்துக்குப் புள்ளி குறிக்க வைத்த ஆட்கள், வருடக்கணக்கில் பார்த்துப் பார்த்து, பல இடங்களில் துரைமார்களைவிட நன்றாக ஆடத் தெரிந்தவர்கள் ஆனார்கள். அமெரிக்காவிலிருந்து வந்த 15 பந்து பூல் ஆட்டம், கிளப் உறுப்பினர் அட்டை இல்லாதவர்களுக்கும் இந்த மேசையைத் திறந்துவிட்டது. மணிக்கு இவ்வளவு என்று கொடுத்தால் போதும்.

நான் பேச நினைப்பது அப்படி மணிக்கணக்கில் கொடுத்து ஆடுகிறவர்களைப் பற்றி. அவர்களுக்குக் கோப்பை கிடையாது, தரவரிசை கிடையாது. ஆகவே இலக்கைத் தாங்களே வைத்துக்கொள்கிறார்கள்: இந்த வருடத்துக்குள் ஒரு முறையாவது எல்லாப் பந்தையும் ஒரே மூச்சில் போட்டு மேசையைத் துடைத்துவிட வேண்டும், தொடர்ந்து ஐந்து பந்து போட வேண்டும், இன்னாரை ஒரு தடவையாவது ஜெயிக்க வேண்டும். இதே கதை பூலுக்கு வெளியிலும் உண்டு. பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் முதல் 10 கிலோமீட்டரை ஓடி முடித்தவர், 12 கிலோ எடை குறைத்தவர் என்று எனக்குத் தெரிந்தவர்களைக் கேட்டுப் பார்த்தேன். தயங்கித் தயங்கித்தான் ஒப்புக்கொண்டார்கள். எட்டிய பிறகு சந்தோஷம் வரவில்லை என்று சொல்ல அவர்களுக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் அநியாயமானது என்பது என் கட்சி.

உளவியலில் இதற்குப் பழகிப்போன ஒரு விளக்கம் உண்டு. நல்லது நடந்தாலும் கெட்டது நடந்தாலும் மனம் சீக்கிரமே பழைய நிலைக்குத் திரும்பிவிடும் என்பது அது. பிரிக்மன், கேம்ப்பெல் இருவரும் 1971இல் இந்தக் கருத்தை முன்வைத்தார்கள். 1978இல் பிரிக்மனும் சகாக்களும் லாட்டரியில் பெரும்பணம் வென்ற 22 பேரைச் சாதாரண மனிதர்களோடு ஒப்பிட்டு, வென்றவர்கள் சொல்லிக்கொள்ளும்படி அதிக மகிழ்ச்சியில் இல்லை என்று எழுதினார்கள். சிறிய ஆய்வு; ஆனால் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. பின்னால் ஸ்வீடனில் ஆயிரக்கணக்கான லாட்டரி வெற்றியாளர்களை வைத்துச் செய்த ஆய்வு, வாழ்க்கையைப் பற்றிய திருப்தி பல வருடங்கள் கழித்தும் உயர்ந்தே இருந்ததாகச் சொல்கிறது. ஆக, எதைப் பெற்றாலும் மனம் பழையபடி வற்றிவிடும் என்பது பொதுவிதி ஆகாது. பணம் வந்தால் திருப்தி கொஞ்சம் தங்கவே செய்கிறது. பந்து விழுந்தால் ஏன் தங்குவதில்லை என்பதுதான் கேள்வி.

கார்வர், ஷையர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1990இல் எழுதிய கட்டுரை எனக்கு முதல் வெளிச்சம் தந்தது. இலக்குக்கு எவ்வளவு அருகில் இருக்கிறோம் என்பதைவிட, எவ்வளவு வேகமாக அதை நெருங்கிக்கொண்டிருக்கிறோம் என்பதையே நம் உணர்ச்சி அளக்கிறது என்கிறார்கள். மாம்பலத்தில் மின்சார ரயில் கிளம்பும்போது உடம்பு பின்னால் சாய்கிறது, வண்டி நகர்வது தெரிகிறது. கோடம்பாக்கத்துக்கு முன்னால் அது முழு வேகத்தில் போகும்போது, ஜன்னலைப் பார்க்காவிட்டால், நின்றிருக்கிறோமா போகிறோமா என்றே தெரியாது. ஆட்டமும் அப்படித்தான். முதல் மூன்று மாதத்தில் க்யூவைப் பிடிக்கத் தெரியாத நிலையிலிருந்து நேர்ப்பந்துகளைத் தவறாமல் போடும் நிலைக்கு வந்தேன். ஒவ்வொரு வாரமும் ஒன்று புதிதாகக் கைவந்தது. கடைசி மூன்று மாதத்தில் நான் எங்கோ உயரத்தில் இருந்தேன். ஆனால் ஏற்றம் நின்றுபோயிருந்தது.

மூளைக்குள்ளும் இதற்கு ஒத்த ஒன்று நடக்கிறது. வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் 1990களில் குரங்குகளை வைத்துச் செய்த சோதனைகள் பிரபலமானவை. குரங்குக்கு எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது டோபமைன் நரம்பணுக்கள் துடித்தன. சாறு வருவதற்கு முன்னால் ஒரு விளக்கு எரியும் என்று பழகிய பிறகு, துடிப்பு விளக்கு எரியும்போதே வந்துவிட்டது; சாறு வந்தபோது ஒன்றும் இல்லை. அன்றைய ஆட்டத்தை இதை வைத்துத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன். ஐந்தாவது பந்து மேசை விளிம்பான குஷனை உரசியபடி நின்றிருந்தது. அதை மெல்லிய வெட்டாக வெட்டி, குஷன் வழியாகவே உருட்டி மூலையில் போட வேண்டியிருந்தது. அது விழுந்தபோது என் காது மடல் சூடானது நன்றாக நினைவிருக்கிறது. மிச்சம் மூன்றும் எளிய பந்துகள். எனக்குரிய விளக்கு அங்கேயே எரிந்துவிட்டது. கறுப்பு விழுந்தபோது சாறுதான் வந்தது.

இந்த விளக்கங்கள் உண்மைதான். ஆனால் அவை மட்டும் என்றால் பெரியப்பாவின் பழமொழி போதும். மனசு அப்படித்தான், பழகிக்கொள் என்று சொல்லிவிடலாம். விஷயம் அதோடு முடியவில்லை. நான் வைத்த இலக்கிலேயே ஒரு கோளாறு இருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் அது தெரிந்தது.

ஒருவர் ஒரு பந்தைப் போடும் வாய்ப்பு நூற்றுக்கு 70 என்று வைத்துக்கொள்வோம். எட்டுப் பந்தையும் தொடர்ந்து போட, 0.7ஐ எட்டு முறை பெருக்க வேண்டும். நூற்றுக்கு 6க்கும் கொஞ்சம் குறைவாக வருகிறது. அதாவது சுமார் 17 ஆட்டத்துக்கு ஒரு முறை. 80 என்றால் 6 ஆட்டத்துக்கு ஒரு முறை. 90 என்றால் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு. நிஜ மேசையில் பந்துகள் ஒன்றுக்கொன்று வழிமறிக்கும், பிரேக்கில் பந்து விழாமலும் போகும், இதைவிடக் கடினம்தான். ஆனாலும் கணக்கின் போக்கு இதுதான். இப்போது அந்த 70 விழுக்காட்டுக்காரர் வாரத்துக்கு 5 ஆட்டம் ஆடுகிறார் என்றால், அந்த வாரத்தில் ஒரு முறையாவது மேசையைத் துடைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 26. அவரே, திறமை துளிகூடக் கூடாமல், வாரத்துக்கு 30 ஆட்டம் ஆடினால் அது 83 ஆகிவிடுகிறது.

இதை எழுதிய தாளைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தப் 14 மாதத்தின் பிற்பாதியில் நான் பார்லருக்குப் போவது இரண்டு மடங்காகியிருந்தது. ஒரு முறையாவது என்று வைக்கிற எந்த இலக்கும் நம்முடைய மிகச் சிறந்த நாளைத்தான் அளக்கும். அதிகம் ஆட ஆட மிகச் சிறந்த நாள் தானாக உயரும். சாதாரண நாள் இருந்த இடத்திலேயே இருக்கும். இலக்கை எட்டிய மறுவாரம் இரண்டாவது பந்திலேயே தவறுகிறோம். "ஒருமுறை செய்தவன் ஏன் மறுபடி செய்ய முடியவில்லை" என்று மனம் புழுங்குகிறது. எதுவும் கெட்டுப்போகவில்லை. சாதாரண நாள் திரும்பி வந்திருக்கிறது, அவ்வளவுதான். இந்த அதிருப்தியை நன்றிகெட்ட மனம் என்று திட்டினால், மனம் சரியாகப் போட்ட ஒரு கணக்கைத் தப்பு என்று சொல்வதாகிவிடும். 'நான் உண்மையில் அவ்வளவு முன்னேறவில்லையே' என்ற அந்த உறுத்தலில் பாதி உண்மை.

மறு பாதி இதைவிட முக்கியமானது. மார்க்கர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தில் அது இருக்கிறது. வெள்ளை மூன்று முறை பேச்சைக் கேட்கவில்லை.

பூல் தெரியாதவர்களுக்கு: பந்தைப் பையில் போடுவது இந்த ஆட்டத்தில் பாதி. பந்தைப் போட்ட பிறகு வெள்ளைப் பந்து எங்கே போய் நிற்கிறது என்பது மீதி. நல்ல ஆட்டக்காரர் ஒரு பந்தைப் போடும்போதே, அடுத்த பந்துக்கு வசதியான இடத்தில் வெள்ளையை நிறுத்துகிறார். நான் போட்ட எட்டில் மூன்றில், வெள்ளை நான் நினைத்த இடத்தில் நிற்காமல் வேறெங்கோ போய், தற்செயலாக எனக்கு இன்னொரு வழி அமைந்தது. குஷனை உரசிய அந்த ஐந்தாவது பந்தே அப்படி வந்ததுதான். நான் காது சூடாகிக் கொண்டாடியது ஒரு தவறைச் சமாளித்ததை! ஒரு வருடத்துக்கு முன்னால் மார்க்கர் இதைச் சொல்லியிருந்தால் எனக்குப் புரிந்திருக்காது. அன்று சொன்னதும் மூன்று முறையும் எவை என்று உடனே தெரிந்தது. சொல்வதற்கு முன்பே தெரிந்திருந்தது என்பதே சரி. பார்லரிலிருந்து இறங்கும்போது என்னை உறுத்தியதும் அதுதான். அதற்கு அப்போது பெயர் தெரியவில்லை.

கை கற்பதைவிடக் கண் வேகமாகக் கற்கிறது. இதுதான் நான் சொல்ல வந்தது. காரணம் மேசையின் வடிவியலிலேயே இருக்கிறது. பூல் பந்தின் விட்டம் 5.7 சென்டிமீட்டர். போட்டி மேசைகளில் மூலைப் பையின் வாய் இரண்டு பந்து ஒட்டி நிற்கும் அகலம், அவ்வளவே. வெள்ளைக்கும் அடிக்க வேண்டிய பந்துக்கும் ஒரு மீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளையை ஒரு டிகிரி தப்பாக அனுப்பினால், அது போய்த் தொடுகிற இடம் சுமார் ஒன்றே முக்கால் சென்டிமீட்டர் விலகும். பந்தின் வளைவில் அந்த விலகல் பெருகி, அடிபட்ட பந்து ஏறக்குறைய 18 டிகிரி திசைமாறிப் போகும். அந்தப் பந்திலிருந்து பைக்கு இன்னும் ஒரு மீட்டர் இருந்தால், பந்து உள்ளே விழ உங்கள் கை டிகிரியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் பிசகலாம். கைக்கு இது எவ்வளவு பெரிய வேலை! கண்ணுக்கோ இந்தத் தொல்லை இல்லை. பந்து எங்கே போக வேண்டும், எங்கே போயிற்று என்பதைப் பார்க்க நூறு ஆட்டம் கூர்ந்து கவனித்தால் போதும். மேசையோரப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதுகூட கண் கற்றுக்கொண்டேயிருக்கிறது.

கை எவ்வளவு மெதுவாகக் கற்கும் என்பதற்கு கிராஸ்மன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் 1959இல் எழுதிய ஆய்வைக் காட்டுவார்கள். சுருட்டுத் தொழிற்சாலையில் இயந்திரத்தில் வேலை பார்த்தவர்கள் ஒரு சுருட்டுக்கு எடுத்துக்கொண்ட நேரத்தை அவர் அளந்தார். லட்சக்கணக்கில் சுருட்டுகளைச் செய்து முடித்த பிறகும் அவர்களுடைய வேகம் கூடிக்கொண்டே இருந்தது. ஆனால் முதல் சில வாரத்தில் கிடைத்த அளவு முன்னேற்றம் மறுபடி கிடைக்கப் பின்னால் வருடங்கள் வேண்டியிருந்தன. இந்த வளைவு நம்பிக்கையும் தருகிறது, பொறுமையையும் சோதிக்கிறது. கை கற்பதை நிறுத்துவதே இல்லை. ஆனால் கற்பது வெளியில் தெரியாத அளவுக்கு மெதுவாகிவிடுகிறது. அதே காலத்தில் கண் கூர்மையாகிக்கொண்டே போகிறது. நேற்று 'நல்ல அடி' என்று தோன்றியது இன்று 'தப்பிப் பிழைத்த அடி' என்று தெரிகிறது. நான் மட்டமாகிவிட்டேன் என்று நினைத்தேனே, என் அளவுகோல் நுட்பமாகியிருந்தது. இலக்கை வைத்த மனிதன் வேறு, அதை எட்டிய மனிதன் வேறு. முன்னவனுக்குக் கொடுக்க வேண்டிய பரிசைப் பின்னவனிடம் கொடுத்தால் அவனால் எப்படி ரசிக்க முடியும்?

அதனால்தான் பெரியப்பாவின் பழமொழியோடு எனக்கு உடன்பாடில்லை. அந்த வாக்கியத்திலேயே பொன் இருக்கிறது. சேர்க்கிற பொருளைப் பற்றிச் சொன்ன நல்ல வாக்கு அது. எங்கள் தியாகராய நகரைப் போல அதைச் சொல்லப் பொருத்தமான இடம் வேறில்லை. 1920களில் மாம்பலத்து நீள ஏரியைத் தூர்த்து எழுப்பிய இந்தப் பேட்டை, இன்று பனகல் பூங்காவிலிருந்து ரங்கநாதன் தெரு வரை ஆசையைக் கடைக் கல்லாவில் தீர்த்து அனுப்புகிற ஊராக இருக்கிறது. பட்டுப்புடவை கைக்கு வந்துவிட்டால் காரியம் முடிந்தது. அதற்கு மேல் ஏங்குவது பேராசை. ஆனால் கற்பதை அப்படிப் பையில் போட்டு வாங்கிவர முடியாது. கற்றவனிடம் 'போதும்' என்று சொல்வது, பார்க்கத் தொடங்கிய கண்ணை மூடிக்கொள் என்று சொல்வதாகும். ஆசையை அடக்கச் சொல்லும் வாக்கை அறிவை அடக்கப் பயன்படுத்தக் கூடாது.

இதே பேட்டையில் வாணி மகாலும் கிருஷ்ண கான சபாவும் இருக்கின்றன. அங்கெல்லாம் அரங்கேற்றங்கள் நடப்பதைப் பார்த்தே வளர்ந்தவன் நான். அழைப்பிதழ், மேளதாளம், நகை, பட்டு, ஆல்பம் என்று கல்யாணத்துக்குச் சமமாக நடக்கும். அது முடிந்த கையோடு சலங்கையைக் கழற்றி அலமாரியில் வைத்த பெண்கள் நமக்குத் தெரிந்த குடும்பங்களிலேயே எத்தனை பேர். படிப்பு, வேலை, கல்யாணம் என்று காரணங்கள் உண்டுதான். ஆனால் 'எல்லாம் முடிந்துவிட்டது, இனி எதற்கு' என்ற அந்தச் சோர்வையும் சிலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். சொல்லைப் பாருங்கள்: அரங்கு ஏறுதல். ஏறி முடிப்பதல்ல, ஆடத் தொடங்குவதற்காக மேடையேறுவது. சிலப்பதிகாரத்து மாதவி ஐந்து வயதில் பயிற்சி தொடங்கி, ஏழாண்டு கற்று, பன்னிரண்டாம் வயதில் அரங்கேறுகிறாள். தலைக்கோலும் 1008 கழஞ்சுப் பொன்னும் பெறுகிறாள். அவளைப் பற்றிய கதை அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. தொடக்கத்துக்கு வைத்த பெயரை முடிவு விழாவாக நாம்தான் மாற்றிவிட்டோம். நான் என் ஒரே ஒரு மேசைத் துடைப்புக்கு அதைத்தான் செய்திருந்தேன்.

பெரிய ஆட்டக்காரர்களும் எட்டிய பிறகான இந்த வெறுமையிலிருந்து தப்பவில்லை என்பது ஆறுதலா என்று தெரியவில்லை. ஆனால் தெரிந்துகொள்ள வேண்டியது. 2008 பெய்ஜிங்கில் துப்பாக்கி சுடுதலில் தங்கம் வென்று, ஒலிம்பிக்கில் தனிநபர் தங்கம் பெற்ற முதல் இந்தியர் ஆனார் அபினவ் பிந்த்ரா. தன் வாழ்க்கையின் பெரிய மன நெருக்கடி தோல்வியிலிருந்து அல்ல, அந்த வெற்றியிலிருந்தே வந்தது என்று அவர் பின்னாளில் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். பல வருடங்கள் ஒரே ஒரு குறியை வைத்து வாழ்ந்தவருக்கு, குறி மறைந்ததும் காலை எழுந்து என்ன செய்வது என்று தெரியவில்லை.

சதுரங்கத்தில் இதன் இரண்டு முனைகளும் சென்னையைத் தொட்டுச் செல்கின்றன. 2013 நவம்பரில், தியாகராய நகரிலிருந்து கூப்பிடு தூரத்தில், தேனாம்பேட்டை ஹயாத் ரீஜென்சி விடுதியில் நம் விஸ்வநாதன் ஆனந்தை வென்று உலகப் பட்டத்தைக் கைப்பற்றினார் மேக்னஸ் கார்ல்சன். மேலும் நான்கு முறை அதைக் காத்த பிறகு, 2022 ஜூலையில், இனி அதற்காக ஆடும் ஊக்கம் தன்னிடம் இல்லை என்று அறிவித்தார். அறிவித்த சில நாளிலேயே மாமல்லபுரம் ஒலிம்பியாடில் ஆட வந்து உட்கார்ந்தார். பட்டம் அவருக்குச் சலித்திருந்தது, சதுரங்கம் சலிக்கவில்லை. அவர் விட்ட பட்டத்தை 2023இல் வென்ற சீனாவின் டிங் லிரென், அதன் பிறகு மனச்சோர்வோடும் தூக்கமின்மையோடும் போராடியதை மறைக்காமல் சொன்னார். நீண்ட காலம் ஆடாமலே இருந்தார். பட்டம்தான் காரணம் என்று வெளியிலிருந்து தீர்ப்புச் சொல்வது நியாயமாகாது. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் அவரிடமிருந்து பட்டத்தைப் பெற்றவர் நம் சென்னைப் பையன் குகேஷ், 18 வயதில். டிங்கைப் போன்றவர்களின் கதையைப் படிக்கும்போது ஒன்று சொல்ல வேண்டும். எட்டிய பிறகான வெறுமை சில வாரத்தில் அடங்காமல் தூக்கத்தையும் சாப்பாட்டையும் பிடித்துக்கொண்டால், அது கட்டுரை படித்துத் தீர்க்கிற விஷயமல்ல. மருத்துவரைப் பார்க்க வேண்டியது.

ஸ்னூக்கர் மேசையில் ரோனி ஓ'சல்லிவன். 1997இல் 147 என்ற முழுப் புள்ளியை ஐந்து நிமிடத்துக்குச் சற்று மேலான நேரத்தில் எடுத்தவர். 2010இல் கிளாஸ்கோவில் ஓர் ஆட்டத்தின் நடுவே, 147 எடுத்தால் பரிசு என்ன என்று நடுவரிடம் கேட்டார். தனிப் பரிசு இல்லை என்று தெரிந்தது. அடித்துக்கொண்டே போய், 140இல், கடைசிக் கறுப்பை விட்டுவிட்டு எதிராளிக்குக் கைகொடுத்துக் கிளம்பப் பார்த்தார். ரசிகர்களுக்காக அடியுங்கள் என்று நடுவர் சொன்ன பிறகு அதையும் போட்டார். திமிர் என்று அன்று பலர் சொன்னார்கள். எனக்கு இப்போது வேறு மாதிரித் தெரிகிறது. அந்தக் கடைசிப் பந்தில் அவருக்குத் தெரிந்துகொள்ள எதுவும் மிச்சமில்லை.

நம் நாட்டில் இதைப் பற்றி அதிகம் யோசித்த ஆட்டக்காரர் கீத் சேத்தி. 1992 உலகத் தொழில்முறை பில்லியர்ட்ஸ் போட்டியில் ஒரே வாய்ப்பில், இடைவிடாமல், 1276 புள்ளி எடுத்தவர். அவர் எழுதிய நூலின் பெயரே 'சக்ஸஸ் வெர்சஸ் ஜாய்'. வெற்றியையும் ஆனந்தத்தையும் எதிரெதிரே நிறுத்துகிற அந்தத் தலைப்பு ஒரு தோற்றவரிடமிருந்து வந்திருந்தால் யாரும் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள். உலகப் பட்டங்களைத் திரும்பத் திரும்ப வென்றவர் வைத்த தலைப்பு என்பதால் அது என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது.

எண்ணை மட்டும் பெரிதாக்கிக்கொண்டே போவதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. பூலில் தொடர்ச்சியாகப் பந்து போடும் ஆட்டத்தில் வில்லி மொஸ்கோனி 1954இல் 526 பந்துகள் போட்டார். 65 வருடம் அந்த எண் மலைபோல நின்றது. 2019இல் ஜான் ஷ்மிட் மாதக்கணக்கில் முயன்று 626 போட்டார். 2022இல் ஜேசன் ஷா 714. எண்ணுக்கு மேலே எப்போதும் ஓர் எண் உண்டு. ஆனால் எண்ணே வேண்டாம், சும்மா ஆடு என்கிறவர்களோடும் என்னால் சேர முடியவில்லை. அளக்காமல் கை கற்காது. எதை அளப்பது என்பதில்தான் விஷயம்.

அந்த ஞாயிறுக்கு இரண்டு வாரம் கழித்து மார்க்கரிடம் போய், "அண்ணே, அந்த மூணு தடவை வெள்ளை ஏன் பேச்சைக் கேக்கல?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் ஒரு பந்தை மேசையின் நடுவில் வைத்தார். வெள்ளையை அதற்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி, பந்தும் மூலைப் பையும் ஒரே கோட்டில் வரும்படி வைத்தார். "போடுங்க. ஆனா வெள்ளை, அந்தப் பாலைத் தொட்ட இடத்துலயே நிக்கணும். ஒரு விரல்கூட முன்னாடி போவக்கூடாது, பின்னாடி வரக்கூடாது." ஸ்டாப் ஷாட். பார்லருக்கு வருகிற எல்லோருக்கும் தெரிந்த அடி. பந்து விழுந்தது, வெள்ளை ஒரு சாண் தூரம் உருண்டது. இன்னொன்று. பந்து விழுந்தது; வெள்ளை லேசாக வலது பக்கம் சுழன்றபடி நகர்ந்தது. "பாத்தீங்களா, சுத்துது. நீங்க நடுவுல அடிக்கிறதா நெனைக்கிறீங்க. அரிசி அளவு வலது பக்கம் அடிக்கிறீங்க. பால் உள்ள போயிடுது, அதனால இத்தனை நாளா தெரியல."

பந்து உள்ளே போய்விடுவதால் தெரியாமல் இருந்த ஒன்று. பந்து விழுந்ததா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவரை அந்த அரிசி அளவு எனக்குக் கண்ணில் படவே இல்லை. அன்று வீட்டுக்கு வரும்போது, 14 மாதத்தில் முதல் தடவையாக, நாளைக்குப் போய் என்ன செய்வது என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. அந்தச் சந்தோஷம், மேசையைத் துடைத்த அன்று நான் தேடியதைவிடச் சின்னது. ஆனால் மறுநாளும் இருந்தது.

இப்போது ஒவ்வொரு வியாழக்கிழமையும், நண்பர் வருவதற்கு முன்னால், அதே அடியை 20 முறை அடித்து, வெள்ளை எத்தனை முறை நின்றது என்று ஒரு சின்ன நோட்டில் எழுதுகிறேன். முதல் வாரம் 5. இரண்டு மாதம் கழித்து 9. பந்து பைக்குள் போனதா என்ற கணக்கே அந்த நோட்டில் கிடையாது. சில வாரம் குறையும். குறைந்த வாரம் மார்க்கர் எட்டிப் பார்த்து, முழங்கை வெளியே போகிறது என்றோ, கடைசி நிமிடத்தில் தலை தூக்குகிறது என்றோ சொல்வார். அதையும் எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதிக்கொள்வேன். போன வியாழன் 12. அதற்கு முந்தைய வாரம் 13. 12க்குப் பக்கத்தில் 'தலை' என்று எழுதியிருக்கிறது.